கிளட்ச் பெடலுக்கு ஒரு பாவாடை

லாரி தயாரிக்கும் அந்தப் பெரிய கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தில் 'திரு. கொளஞ்சி' என்று இருந்தது. கொளஞ்சி அதைத் திருத்தச் சொல்லி எழுதவில்லை. எழுதினால் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களோ என்று பயம். பெரம்பலூர் இன்ஜினியரிங் கல்லூரியில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு முடித்த நாற்பத்திரண்டு பேரில் அந்த ஒரு வருடப் பயிற்சிக்குத் தேர்வானது அவள் ஒருத்திதான். ஒரு வருடம் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்து கடைசி ஆண்டைப் படிக்க வேண்டும்.

சென்னைப் பக்கம் இருக்கும் தொழிற்சாலைக்குத்தான் போகப்போகிறோம் என்று நினைத்துப் புதுப் பெட்டிகூட வாங்கிவிட்டாள். இரண்டாவது கடிதம் வந்தபோதுதான் தெரிந்தது, அவளுக்குப் போட்டிருந்த இடம் அரியலூர். குரும்பலூரில் இருக்கும் அவள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறினால் போதும்.

"பொட்டிய என்னாடி பண்றது?" என்றாள் அம்மா மருதாயி.

"ரேஷன் அரிசி போட்டு வச்சுக்கம்மா" என்றாள் கொளஞ்சி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் மைன்ஸுக்குப் போகும் ரோட்டோரம், ஒரே அறையில் கம்பெனி ஆபீஸ் இருந்தது. கம்பெனி புதிதாக வடிவமைத்த ஆறு டிப்பர் லாரிகளை, விற்பனைக்கு விடும் முன் ஒரு வருடம் அங்கே ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைன்ஸிலிருந்து சிமெண்ட் ஆலைக்கு நாள் முழுக்கக் கல் லோடு அடிக்கும் வேலை. ஆபீஸுக்குப் பொறுப்பாக இருந்த சரத்குமார் ஜெயங்கொண்டத்துக்காரர். கையிலிருந்த தாளையும் எதிரே நின்றவளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"கொளஞ்சின்னு தம்பி ஒருத்தர் வராப்லன்னு சொன்னாங்களே?"

"நான்தான் சார் கொளஞ்சி."

அவர் சிரித்துவிட்டார். "மெட்ராஸ்காரங்களுக்கு என்னா தெரியும்? எங்க சித்தப்பா பேரும் கொளஞ்சி, சித்தி பேரும் கொளஞ்சி. கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போனப்ப, பேரத் தப்பா எழுதிட்டு வந்துட்டீங்கன்னு பிரஸ்காரரு திருப்பி அனுப்பிட்டாரு. வாங்க, உக்காருங்க."

வந்திருந்த யூனிபார்ம் ஆண்களுக்கானது. அன்று சாயங்காலமே அவள் அப்பா செல்லதுரை தோளைப் பிடித்து, கையைக் குறைத்து, அவளுக்குத் தகுந்த மாதிரி மாற்றிக் கொடுத்தார். அவர் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பைக், ஆட்டோ சீட்டுகளுக்கு உறை தைக்கிறவர். அவருடைய அப்பா காலம் முழுக்க அடுத்தவர் காட்டில் களை வெட்டியவர். செல்லதுரைதான் அந்த வீட்டில் முதன்முதலில் சொந்தமாக ஒரு தையல் மிஷின் வாங்கிப் போட்ட ஆள்.

கொளஞ்சியின் வேலை இதுதான்: தினமும் ஒரு லாரியில் ஏறிப் போக வேண்டும், டிரைவரிடம் முப்பத்தொரு கேள்வி கேட்டுப் படிவத்தில் நிரப்பிச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். முதல் நாள் ஏறியது தங்கசாமியின் வண்டியில். நாற்பத்தைந்து வயது, பெரிய மீசை, வாயைத் திறந்தால் கேலி.

"பிரேக் எப்படிண்ணே?"

"சூப்பர்."

"ஸ்டீயரிங்?"

"சூப்பர்."

"ஒரு கொறகூடவா இல்ல?"

"புது வண்டி பாப்பா. கொற சொன்னா திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்கன்னா? மறுபடி அந்த ஓட்ட வண்டியில எவன் ஏறுறது?"

ஆறு டிரைவர்களும் பேசி வைத்ததுபோல அதையே சொன்னார்கள். இரண்டு மாதம் 'நன்று, நன்று' என்று எழுதி எழுதிக் கொளஞ்சிக்குக் கை வலித்தது. ஒருநாள் சென்னையிலிருந்து போன் வந்தது. லாரியின் கேபினை வடிவமைக்கும் பிரிவின் தலைமை இன்ஜினியர் அம்பிகா பேசினார்.

"ஆறு வண்டி, ரெண்டு மாசம், ஒரு குறைகூட இல்லையாம். அவ்வளவு நல்ல வண்டிய நாங்க செய்யலையே கொளஞ்சி?"

அவளுக்குக் காது சூடாகிவிட்டது. மறுநாள் படிவத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, கேள்வி கேட்காமல் சும்மா உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தாள்.

தங்கசாமியின் கேபினில் கிளட்ச் பெடலைச் சுற்றி ஒரு பழைய சேலைத் துண்டு கிடக்கும். கால் துடைக்க என்று அதுவரை நினைத்திருந்தாள். அன்றைக்கு மைன்ஸ் மேட்டில் வண்டி குலுங்கி ஏறியபோது அந்தத் துணி நழுவியது. அடுத்த கணம், பெடலின் கம்பி தரைக்குள் இறங்கும் ஓட்டையிலிருந்து வெள்ளைத் தூசி புகைபோல எழும்பியது. அங்கே ஒரு ரப்பர் வளையம் இருந்தது. ஆனால் பெடல் ஏறி இறங்கும்போதெல்லாம் அது ஒரு விரற்கடை வாயைப் பிளந்தது. கொளஞ்சியின் நீலச் சட்டை வெள்ளையாகிவிட்டது.

தங்கசாமி வண்டியை ஓரங்கட்டிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "நாங்கெல்லாம் சோத்துக்குத் தயிரே ஊத்துறதில்ல பாப்பா. தானா வெள்ளையாயிரும்."

அன்றே மற்ற ஐந்து வண்டிகளிலும் ஏறிப் பார்த்தாள். ஒன்றில் துண்டு, ஒன்றில் சாக்கு, ஒன்றில் பாதி லுங்கி, இரண்டில் மெத்தைப் பஞ்சு. ஆறு பேரும் அடைத்துத்தான் வைத்திருந்தார்கள்.

"ஏண்ணே இத்தன நாளா சொல்லல?"

"நீ எங்க கேட்ட? பிரேக் கேட்ட, ஸ்டீயரிங் கேட்ட, மைலேஜ் கேட்ட. தூசி கேக்கலையே!"

படிவத்தை எடுத்துப் பார்த்தாள். அவர் சொன்னது சரிதான். முப்பத்தொரு கேள்வியில் தூசி என்ற சொல்லே இல்லை.

சென்னைக்கு எழுதினாள். 'எங்கள் சோதனையில் தூசி உள்ளே வரவில்லை, ஆதாரம் வேண்டும்' என்று பதில் வந்தது. அவள் அப்பாவின் கடையிலிருந்து கறுப்புத் துணி வாங்கி உள்ளங்கை அளவுக்கு வெட்டினாள். ஒவ்வொரு கேபினிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே, கதவில், கூரையில், சீட்டின் முதுகில் என்று நான்கு இடத்தில் ஒட்டினாள். ஒருநாள் பெடல் ஓட்டையை அடைத்து, ஒருநாள் அடைக்காமல், இருபது நாள் சோதித்தாள். அடைக்காத நாட்களில் டிரைவர்கள் அவளைத் திட்டிக்கொண்டே ஓட்டினார்கள். எல்லாத் துணியையும் கவரில் போட்டு, தேதி, வண்டி நம்பர் எழுதி, கூரியரில் அனுப்பினாள்.

மூன்றாம் நாள் அம்பிகாவின் போன். "கவரப் பிரிச்சேன், என் டேபிள் பூரா சுண்ணாம்பு. தொடைக்கவே அரை மணி நேரம் ஆச்சு. ரெண்டு வாரத்துல நானே நேர்ல வரேன்."

அந்த இரண்டு வாரம் சும்மா இருந்திருக்கலாம். கொளஞ்சியால் முடியவில்லை. ஓட்டையை மூட ஓர் உறையை வரைந்து அப்பாவிடம் கொடுத்தாள். அவர் ரெக்சினில் தைத்துக் கொடுத்தார். ஷெட்டில் நின்ற வண்டியில், யாரையும் கேட்காமல் அதை மாட்டிவிட்டாள். தங்கசாமி வந்து ஏறி, வண்டியைக் கிளப்பும் முன் கிளட்சை மிதித்தார். கீழே போன பெடல் மேலே வரவில்லை.

"பெடலு எந்திரிக்க மாட்டங்குது சார்!" என்று அவர் போட்ட சத்தத்தில் சரத்குமார் ஓடிவந்தார். முதல் முறையாக அவர் சிரிக்காததைக் கொளஞ்சி பார்த்தாள்.

"ரோட்டுல இப்படி ஆயிருந்தா? நான் மேல எழுதித்தான் ஆகணும். மறைக்க முடியாது."

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. பயிற்சி போச்சு என்றே முடிவு செய்துவிட்டாள். அம்மா இரண்டு நாளும் முட்டை பொரித்துத் தட்டில் வைத்தாள்.

அம்பிகா சொன்ன நாளில் வந்தார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார், காலில் கனமான ஷூ. முதலில் கொளஞ்சியை நிற்கவைத்து நன்றாகத் திட்டினார். "அனுமதி இல்லாம வண்டியில ஒரு ஸ்க்ரூவக்கூடத் தொடக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்."

பிறகு அந்த ரெக்சின் உறையைக் கேட்டு வாங்கினார். ஷூவைக் கழற்றிவிட்டுக் கேபின் தரையிலேயே உட்கார்ந்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அளவுதான் தப்பு. யோசனை சரி. இத யாரு தெச்சது?"

"எங்கப்பா மேடம்."

"அவர வரச் சொல்ல முடியுமா?"

செல்லதுரை கடையைப் பூட்டிவிட்டு, அளவு டேப்பும் சாக்பீசுமாக அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார். கேபினுக்குள் தலைகீழாகப் படுத்துக்கொண்டார். கால் இரண்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கொளஞ்சி பெடலைக் கையால் அழுத்தி அழுத்தி விட, உள்ளேயிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"ஆயி, இன்னும் கொஞ்சம் அமுக்கு... ம், விடு... இது சுத்தி இழுத்துக் கட்டுற வேல இல்லம்மா. பாவாடைக்கு மாதிரிக் கொசுவம் வக்கணும். நிக்கிறப்ப சுருங்கணும், காலு வீசுறப்ப விரியணும்."

"சார், எத்தனை கொசுவம்?" என்று அம்பிகா நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டார். வாழ்க்கையில் யாரும் செல்லதுரையை சார் என்று கூப்பிட்டதில்லை. அவர் எழுந்திருக்கப் பார்த்து ஸ்டீயரிங்கில் தலையை இடித்துக்கொண்டார்.

அரியலூரிலேயே ஒரு தையல் கடையில் மூன்று முறை தைத்துப் பிரித்தார்கள். நான்காவது, பெடலோடு சேர்ந்து மூச்சு விடுவதுபோல விரிந்து சுருங்கியது. ஷெட்டில் ஆயிரம் தடவை மிதித்துப் பார்த்த பிறகுதான் அம்பிகா வண்டியை ரோட்டுக்கு விட்டார். சாயங்காலம் தங்கசாமி திரும்பி வந்து, சாப்பாட்டுத் தூக்கை எல்லாருக்கும் நீட்டிக் காட்டினார். "பாருங்க, கொழம்பு கொழம்பு கலருலயே இருக்கு!"

அந்த அளவை வைத்துச் சென்னையில் கனமான ரப்பரில் அச்சு எடுத்தார்கள். மாசி மாதம் ஆறு உறைகள் வந்து சேர்ந்தன. பெட்டியின் மேல் நீளமாக ஏதோ பெயரும் எண்ணும் ஒட்டியிருந்தது. டிரைவர்கள் யாரும் அதைப் படிக்கவில்லை. "பாவாட வந்துருச்சு!" என்று ஒருவருக்கொருவர் போன் போட்டுச் சொல்லிக்கொண்டார்கள். படிவத்தில் முப்பத்திரண்டாவது கேள்வியாகத் தூசியைச் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு டிரைவர்கள் ஹாரன் சத்தத்திலிருந்து கண்ணாடியின் உயரம் வரை கொளஞ்சியிடம் கொட்டித் தீர்த்தார்கள். எழுதத் தாள் போதவில்லை.

வருடக் கடைசியில், பயிற்சி முடித்தவர்களைக் குடும்பத்தோடு சென்னைத் தொழிற்சாலைக்கு அழைத்தார்கள். மருதாயி கல்யாணத்துக்குக் கட்டும் சேலையில் வந்தாள். மேலே நகரும் கொக்கிகளில் கேபின்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. ஒரு பையன் தட்டிலிருந்து கறுப்பு ரப்பர் உறையை எடுத்து, கிளட்ச் பெடலில் நுழைத்து, விளிம்பை அழுத்தினான். பத்து விநாடிகூட ஆகவில்லை. அடுத்த கேபின் வந்தது.

"தம்பி, ஒரு நாளைக்கு எத்தன போடுவீங்க?" என்று செல்லதுரை கேட்டார்.

"நூத்திருவதுண்ணே."

அவர் மகளைப் பார்த்தார். அவள் தலையை ஒருமுறை அழுத்தித் தடவினார். கொளஞ்சி அப்பாவின் விரல்களைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதுவும் ஒரு நிமிடம்தான். அவர் பார்வை அடுத்த கேபினின் சீட்டுக்குப் போய்விட்டது. விரலால் தையலோரம் தடவிப் பார்த்தார்.

"இங்க நூலு தளர்வா ஓடியிருக்கே. ஆறு மாசத்துல பிரிஞ்சுக்கும்."

கூட வந்த அம்பிகா நோட்டை எடுத்தார். "எங்க சார்? காட்டுங்க."

"அப்பா, வாங்கப்பா, அவங்களுக்கு வேல கெடக்கு" என்று கொளஞ்சி கையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பார்வைக்காக வைத்திருந்த ஒரு கேபினுக்குள் ஏறிவிட்டார். இரண்டு தொழிலாளர்களும் பின்னாலேயே எட்டிப் பார்த்தார்கள்.

மருதாயி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "அவரு இப்ப எறங்க மாட்டாரு. கேன்டீன்ல வட போட்டுருக்காங்களாம், நீ வா."

அம்மாவும் மகளும் சிரித்துக்கொண்டே கேன்டீனைப் பார்த்து நடந்தார்கள்.