இருபத்தேழு பேர் கேட்ட வார்த்தை

வேலுவுக்கு வேறு எதிரியே வேண்டாம், அவர் வாய் ஒன்று போதும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் பாவம், மழைக்காலத்தில் மட்டும்தான் கத்தும். இவர் வருஷம் முழுக்கக் கத்துவார். பினாங்கில் ஜார்ஜ் டவுனிலிருந்து பாயான் லெப்பாஸுக்கு இருபத்திரண்டு வருஷமாகப் பேக்டரி பஸ் ஓட்டுகிறார். ஹாரனை அடித்ததைவிட வாயால் அதட்டி வழி வாங்கியதுதான் அதிகம்.

அவர் மகன் யுகேந்திரன் ராணுவத்தில் சார்ஜன்ட். மலேசியா எந்தப் பக்கமும் சேராத நாடு என்பதால், எங்கோ தூர தேசத்தில் அடித்துக்கொண்ட இரண்டு கூட்டத்துக்கு நடுவே காவல் நிற்க அவனையும் அனுப்பியிருந்தார்கள். சண்டை மறுபடி மூண்டது. ஒரு கூட்டம் ஐந்நூறு பேரோடு வந்து அவனும் இருபத்தேழு பேரும் இருந்த முகாமை வளைத்து, துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொன்னது. வைத்துவிட்டார்கள். சண்டை முடியும்வரை விடமாட்டோம் என்று எல்லோரையும் ஒரு பள்ளிக்கூடத்தில் அடைத்துவிட்டார்களாம்.

உயிர் இருக்கிறதே, அது போதும் என்று மருமகள் தனுஜா மாரியம்மன் கோயிலில் விளக்குப் போட்டாள். வேலுவின் வேதனை வேறு. தேத்தண்ணிக் கடை ஹனீபா, "ஒரு குண்டுகூடப் போடலியாமே அண்ணே?" என்று சும்மாதான் கேட்டார். வேலு பாதித் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தார். ஒரு தடவையாவது சுட்டிருக்கலாமே இந்தப் பய என்று ஸ்டீயரிங்கைப் பிடிக்கும்போதெல்லாம் நெஞ்சு அரித்தது. வெட்கம்தான், வேறென்ன.

பெயர்கள் பேப்பரில் வந்ததுதான் தாமதம், போனில் ஏமாற்றுகிற கூட்டம் கிளம்பிவிட்டது. உன் மகன் எங்களிடம் இருக்கிறான், பணம் அனுப்பு என்று மூன்று நாளில் நாலு போன். ராணுவ அலுவலக அதிகாரி ஷாஹிரா, தெரியாத நம்பரை நம்பாதீர்கள், யுகேந்திரன் பேசுவதாக இருந்தால் தனுஜாவுக்குத்தான் போன் வரும், முன்கூட்டியே சொல்வோம் என்று எச்சரித்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி. பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகும் நாற்பது பேர். தனுஜாவும் அதே பேக்டரிதான், மூன்றாவது சீட்டில் இருந்தாள். சிவப்பு விளக்கில் நிற்கும்போது வேலுவின் போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர். ஸ்பீக்கரில் போட்டார். "உன் மகன் எங்ககிட்ட இருக்கான்" என்று கரகரத்த குரலில் எவனோ ஆங்கிலத்தில் சொன்னான்.

அஞ்சாவது ஆளாடா நீ என்று வேலுவுக்குப் பொங்கிவிட்டது. "எனக்கு மகனே கிடையாதுலா! போய் வேற எவனையாவது பாரு!" என்று மலாயில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை கத்திவிட்டு வைத்தார். பஸ்ஸே சிரித்தது. பின்சீட்டில் கைகூடத் தட்டினார்கள். ஒன்பது நாளாகச் சிரிக்காத தனுஜாவும் சிரித்தாள்.

மறுநாள் காலையில் ஷாஹிரா கூப்பிட்டாள். தயங்கித் தயங்கிச் சொன்னாள். நேற்று அவளுக்கே தகவல் தராமல் அங்கே திடீரென்று பேச விட்டார்களாம். ஆளுக்கு மூன்று நிமிஷம், ஸ்பீக்கரில், எல்லோர் முன்னாலும். காவல்காரன் முதலில் பேசிவிட்டுத்தான் போனைத் தருவான். எல்லாருடைய போனையும் பிடுங்கிவிட்டதால், யுகேந்திரனுக்கு மனப்பாடமாக இருந்தது பள்ளிக்கூட நாளிலிருந்து மாறாத அப்பா நம்பர் ஒன்றுதான்.

தனுஜா மாமனாரை ஒரு வார்த்தை திட்டவில்லை. "நானும் சிரிச்சேனே மாமா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

அந்த வாரம் முழுக்க வேலு வாயைத் திறக்கவில்லை. அடுத்த வெள்ளியும் பேச விடுவார்கள் என்று ஷாஹிரா சொன்னதும், என் நம்பருக்கே அடிக்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமை போனைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு பஸ்ஸை ஓட்டினார். பினாங்குப் பாலத்துக்குப் பிரியும் இடத்தைத் தாண்டியதும் மணி அடித்தது. அடித்தது மூன்றாவது சீட்டில். மகன் ராணுவம் மூலமாகத் தனுஜா நம்பரைக் கேட்டு வாங்கியிருந்தான், அவரைக் கூப்பிடவில்லை.

பஸ்ஸை ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தினார். ஷிப்டுக்கு நேரமாகிறது என்று ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. தனுஜா பேசி, அழுது, எழுந்து வந்தாள். "மாமா, ஒரு நிமிஷம்தான் இருக்கு."

"யுகேன், ஏமாத்துறவன்னு நெனச்சுட்டேன்டா."

"தனு சொன்னாப்பா. ஆனா இங்க இருபத்தேழு பேரும் கேட்டாங்க. சண்டை போடாம துப்பாக்கியக் கீழ வச்சதாலதான் அப்பா அப்படிச் சொல்லிட்டார்னு நெனச்சுட்டாங்க. எங்கள்ல சின்னவன் ஹைருல் அழுதுட்டான். வைங்கடான்னு சொன்னதே நான்தான்ப்பா. நீங்களும் வெக்கப்பட்டீங்களா?"

இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது?

"பட்டேன்டா" என்றார் வேலு. "ஒன்பது நாள் உன்னை நெனச்சு வெக்கப்பட்டேன். இந்த ஏழு நாளா என்னை நெனச்சு. பசங்க எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்கப்பா. ஒருத்தனுக்கும் கீறல்கூட இல்ல."

"ஸ்பீக்கர்ல தானே இருக்கு?"

"ஆமாப்பா."

வேலு டிரைவர் சீட்டிலிருந்து எழுந்து நின்றார். அங்கே இருக்கிற எல்லோருக்கும் புரியட்டும் என்று மலாயில், போன வாரம் கத்தின அதே தொண்டையால் சொன்னார். "நான் வேலு. இவன் என் மகன். உங்க இருபத்தேழு பேரையும் உங்க அம்மாமாருக்காக உயிரோட வச்சிருக்கான். இவன் சொல்றதக் கேட்டு நடங்க."

முதலில் ஒரு குரல், பிறகு நாலைந்து, பிறகு மொத்தமாக எல்லாக் குரலும், அணிவகுப்பில் நிற்கிறவர்கள் போல, "சரி, மாமா" என்று மலாயில் சொல்வது கேட்டது. அதோடு லைன் அறுந்தது.

தனுஜா போனை வாங்கிக்கொண்டாள். வேலு உட்கார்ந்து சாவியைத் திருகப் போனார். கண் தெளியவில்லை. அன்றைக்கு நாற்பது பேரும் இருபது நிமிஷம் தாமதமாகத்தான் வேலைக்குப் போனார்கள்.