நிலாவில் விழுந்த செங்கல் நிறம்

வீட்டுச் சாவியை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டேன். மகளிடம் இருக்கிற சாவியை வாங்கலாமென்று வேலை முடிந்த கையோடு அவள் ஸ்டுடியோவுக்குப் போனேன். அவள் பை மேல்மாடியில் இருந்ததாம். “பின்னாடி உக்காருங்கப்பா, இந்த ஒரு சீன் முடியட்டும்” என்றாள் திரும்பாமலே.

ஜன்னல் இல்லை, விளக்கு இல்லை. சுவரெல்லாம் பூச்சோடு விட்டுவிட்ட வீடு மாதிரி சாம்பல். எதிரே பெரிய திரை. எடுத்து முடித்த சினிமாவுக்கு நிறம் பார்த்துச் சரிசெய்வது அவள் வேலை. கலரிஸ்ட் என்கிறார்கள்.

தயாரிப்பாளர் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். “யாரு பின்னாடி? வெளியாள் வரக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?”

“ஏசி பார்க்க வந்தவர் சார்.”

நான் அண்ணாந்து ஏசியைப் பார்த்தேன்.

திரையில் நிலா வெளிச்சம், மாடிப்படியில் ஒரு பெண்.

“என்னம்மா இது? நிலா கேட்டா செங்கல் சூளை வெச்சிருக்க!”

“காலைல சரியாத்தான் சார் இருந்துது.”

“இன்னிக்குச் சரியா வரலேன்னா படத்தை வேற இடத்துக்குத் தூக்கிட்டுப் போயிடுவேன்.”

அவள் முன்னால் இருந்த நிறம் மாற்றும் குமிழ்களைத் திருகினாள். நீலம் ஏற ஏற, படத்துப் பெண்ணின் முகம் பிணம் மாதிரி ஆனது. படத்தில் இருட்டாக இருந்த இடத்தில் மட்டும் அந்தச் செங்கல் நிறக் கறை போகவில்லை. ஏசி அறையிலும் மகளின் பிடரியில் வேர்வை.

முதுகு வலித்து நான் சாய்ந்தேன். கறையும் சாய்ந்தது. குனிந்தேன், கூடவே வந்தது.

அப்புறம்தான் என்னையே பார்த்தேன். ரோடு வேலைக்குப் போடுகிற ஆரஞ்சு மேலங்கி, வண்டி வெளிச்சத்துக்கு மின்னுகிற பட்டை வேறு. திரை வெளிச்சத்தை வாங்கித் திரை மேலேயே அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சத்தமில்லாமல் கழற்றப் பார்த்தேன். ஒட்டுப்பட்டை பர்ரென்று பிரிந்தது. இருவரும் திரும்பினார்கள். மகள் என் மடியில் சுருண்ட அங்கியைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். கறை இல்லை. படம் முழுக்க நீலம் பூத்துக் கிடந்தது.

“ஏசிக்காரர் சட்டையா இவ்வளவு வேலையும் பண்ணுச்சு?”

“ஏசிக்காரர் இல்ல சார். எங்கப்பா. பொய் சொல்லிட்டேன்.” திரைப் பக்கம் திரும்பினாள். “இப்ப திருகினது எல்லாமே தப்பு. காலைல வெச்சதைப் போடறேன். பார்த்துட்டு அப்புறம் திட்டுங்க.”

நான் எழுந்தேன்.

“பெரியவரே, அதை வெளிய போட்டுட்டு வந்து உக்காருங்க. நிலா சரியில்லேன்னா ரெண்டு பேரையும் சேர்த்தே அனுப்பறேன். போடும்மா.”

நான் அங்கியை வெளியே வைத்துவிட்டு வந்ததும், காலையில் வைத்த நிறத்தைப் போட்டாள். வெள்ளை நிலா. படியில் நின்றவள் முகத்தில் உயிர் இருந்தது. அவர் முன்னால் சாய்ந்து பார்த்தார். மகளின் விரல் குமிழ் மேலேயே நின்றது.

“ம். அடுத்த சீன்” என்றார் தயாரிப்பாளர்.

சாவியைக் கேட்காமல் அடுத்த சீனுக்கும் அங்கேயே உட்கார்ந்தேன்.