ஷோன்வீஸ் சபையை மூடப் போனோம்

கனடாவின் சாஸ்காச்சுவான் மாகாணத்து மெனோனைட் கிறிஸ்தவச் சபைகளின் ஆண்டுக் கூட்டத்துக்கு எங்கள் ஷோன்வீஸ் சபை இந்த முறை மொத்தமாகக் கிளம்பி வந்தது. மொத்தம் என்றால் ஏழு பேர், இரண்டு கார். மார்ச் மாதப் பனியில் இரண்டு மணி நேரம் ஓட்டி சாஸ்கடூன் வந்தோம். எங்கள் சபையை மூடிவிடுங்கள் என்று நாங்களே எழுதிக் கொடுத்திருந்தோம். அதற்கு ஒப்புதல் வாங்க வேண்டும்.

எங்கள் ஆட்களிடம் ஒப்புதல் என்பது கை தூக்கி எண்ணிவிட்டு வீட்டுக்குப் போகிற காரியமில்லை. பிரதிநிதி ஒவ்வொருவர் கையிலும் மூன்று அட்டை இருக்கும். பச்சை சம்மதம், மஞ்சள் கேள்வி, சிவப்பு ஆட்சேபணை. ஒரே ஒரு சிவப்பு தெரிந்தாலும் தலைவர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, தூக்கியவரை மைக்குக்கு அழைத்துக் காரணம் கேட்பார். இருநூறு பேர் முன்னால் போய் நான்தான் தடை என்று நிற்கிற துணிச்சல் மெனோனைட்டுக்கு ஏது? பதினாறு வருடமாக வருகிறேன், சிவப்பு அட்டை மேலே போய்ப் பார்த்ததே இல்லை. என்னுடையதை நான் விசிறியாகத்தான் வைத்திருந்தேன்.

எங்களுக்கு இரண்டு பிரதிநிதிகள். ஒருத்தி நான், எல்ஃப்ரீடா தீசன், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். இன்னொருவர் கார்னி டிக், காலஞ்சென்ற என் அக்காவின் கணவர். விண்ணப்பத்தை எழுதியது அத்தான்தான். அவர் மகள் சாஸ்கடூனில் அவருக்காக ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறாள். மனிதர் கிளம்பத் துடிக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. எழுபத்திரண்டு வயதில் அவரைப் பிடித்து வைப்பது பாவம் என்று நானும் சரி என்று சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. என் ஞானஸ்நானம், என் கல்யாணம், என் அக்காவின் அடக்க ஆராதனை எல்லாம் அங்கேதான். உள்ளே கொதித்துக்கொண்டே வெளியே தலையாட்டுவதில் எங்களை யாரும் மிஞ்ச முடியாது.

காலையில் ஆராதனை. வாத்தியம் ஏதுமில்லாமல் இருநூறு பேர் நான்கு குரலில் பாடியபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. பிறகு வகுப்புகள். நாங்கள் ஏழு பேரும் சொல்லிவைத்த மாதிரி 'கேட்கப் பழகுவோம்' வகுப்பில் போய் உட்கார்ந்தோம். எதிரில் இருப்பவர் சொல்லாமல் விட்டதையும் கேட்க வேண்டுமாம். நான் இரண்டு பக்கம் குறிப்பெடுத்தேன். அத்தான் பக்கத்தில் குறட்டை விட்டார்.

மதியம் முட்டைக்கோஸ் சூப்பும் சாசேஜும் முடிந்த கையோடு சமையல் குழுவினர் என்னைத் தனியாக அழைத்துப் போய் ஒரு கேக்கைக் காட்டினார்கள். எங்களுக்குப் பிரியாவிடை கேக். மேலே சர்க்கரையில் எங்கள் ஆலயம், அதன் தலையில் உயரமான கோபுரம். எங்கள் ஆலயத்துக்குக் கோபுரம் கிடையாது. கோபுரம் ஆடம்பரம் என்று தொண்ணூறு வருடம் தகரக் கூரையோடு காலம் தள்ளியவர்கள் நாங்கள். ரொம்ப அழகு என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வந்ததும் சிரிப்பு பிடித்துக்கொண்டது. சாவு வீட்டில் வருகிற சிரிப்பு. அடக்க அடக்கக் குலுங்கியது.

குலுங்கியபடியேதான் கூட்டத்துக்குள் போய் உட்கார்ந்தேன். தலைவர் லோரைன் ஷெல்லன்பர்க் எங்கள் விண்ணப்பத்தை வாசித்தார். அது சபையே கேட்டுக்கொண்டது, அதனால் விவாதம் தேவைப்படாது என்று மென்மையாகச் சொல்லிவிட்டு அட்டைகளைக் காட்டச் சொன்னார். மண்டபம் முழுக்கப் பச்சை எழுந்தது. என் கையும் எழுந்தது. அதில் இருந்தது சிவப்பு. தவறிப் போய் எடுத்தேன் என்று சொல்ல நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை.

மைக் முன்னால் போனால் வார்த்தை வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அத்தான் எழுந்து பின்னாலேயே வந்துவிட்டார். மைக் திறந்திருப்பதை இருவருமே மறந்துவிட்டோம்.

"என்ன பண்றே எல்ஃப்ரீடா? மூடணும்னு நீதானே தவிச்சே?"

"நானா? நீங்கதான் மக வீட்டுக்குப் போகத் துடிக்கிறீங்க."

"யாரு சொன்னா? அவ வீட்டுல சூப்புக்கு உப்பே போட மாட்டா. ஞாயித்துக்கிழமை விடியறதுக்குள்ள எந்திரிச்சு, ஆலய வாசப் பனியைத் தள்ளி, கணப்பை மூட்டி நீ ஓஞ்சு போறியேன்னுதான் எழுதினேன்."

"எனக்கு வாரத்துலயே அதுதான் அத்தான் நல்ல நேரம்."

மண்டபத்தில் ஓரிருவர் களுக்கென்றார்கள். பின்னால் பார்வையாளர் வரிசையிலிருந்து எங்கள் சபை அகாதா பென்னர் எழுந்து, உங்கள் இருவருக்காகத்தான் நான் ஒத்துக்கொண்டேன் என்றாள். அவள் கணவர், அகாதாவுக்கு முழங்கால் வலி, அதனால் ஒத்துக்கொண்டேன் என்றார். முழங்காலில் எனக்கு வலியே இல்லை என்றாள் அகாதா. மற்ற மூவரும் ஆளுக்கொரு ஆளைக் கை காட்டினார்கள். லோரைன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப மூடணும்னு நெனச்சது யாருங்க?"

ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யாருமில்லை.

அவ்வளவுதான், மண்டபம் உடைந்தது. இருநூறு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முன்வரிசையில் ஒரு போதகர் நாற்காலியிலிருந்து நழுவினார். லோரைன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டம் சட்டம்தான் என்றார். ஆட்சேபணை சொன்னவர் காரணத்தைத் தம் வாயால் சொல்ல வேண்டும், செயலாளர் எழுத வேண்டும். செயலாளர் பேனாவைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது. எனக்கும் நின்றுவிட்டது.

"எனக்கு அந்தச் சபை வேணும்."

ஒரு வருடமாக ஏழு பேரும் கூடிக் கூடிப் பேசியிருக்கிறோம். வருகைக் கணக்கு, கூரை ஒழுகல், வயது, தூரம் எல்லாம் பேசினோம். இந்த நாலு வார்த்தையை ஒருவரும் பேசவில்லை.

"எனக்கும்" என்றார் அத்தான். பார்வையாளர் வரிசையிலிருந்து மற்ற ஐந்து பேரும் ஒவ்வொருவராக அதையே சொன்னார்கள்.

லோரைன் கேள்வியை மாற்றி, ஷோன்வீஸ் சபை தொடரலாமா என்று கேட்டார். பச்சை அட்டைகள் எழுந்தன. நான் என்னுடையதைத் தேடினேன், அகப்படவில்லை. அத்தான் தன் அட்டையின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். இருவரும் சேர்ந்து தூக்கினோம்.