பொதியின் மேல் எழுதிய பெயர்

வாட்ஸ்அப்பில் அந்தப் படம் வந்தபோது அஜிஷா நேந்திரங்காய் சிப்ஸை இருநூறு கிராம் பொட்டலங்களாக நிறுத்துக்கொண்டிருந்தாள். அமரவிளையில் நெடுஞ்சாலையோரம் இருக்கும் அந்தக் கடையில் காலை எட்டு மணிக்கே எண்ணெய் காய்ந்துவிடும். சீவுவது சரோஜம், பொரிப்பது முதலாளி, நிறுத்துக் கட்டுவது அஜிஷா. ஆறு வருடப் பழக்கத்தில் கைக்கே எடை தெரியும். என்றாலும் ஒவ்வொன்றையும் தராசில் வைத்துத்தான் எடுப்பாள்.

"கையில அளவு உள்ளவளுக்கு எதுக்காக்கும் தராசு?" என்று சரோஜம் கேட்டாள். "ரெண்டு துண்டு கூடிப்போனா முதலாளிக்கு நெஞ்சுவலி வந்துரும்னா?"

வழக்கமாக அஜிஷா இதற்கு ஏதாவது பதில் வைத்திருப்பாள். அன்று போனைப் பார்த்தபடியே நின்றாள்.

சாம்பல் நிற மேசை. அதன்மேல் ஒரு பொதி, பக்கத்தில் அளவு காட்ட ஒரு ஸ்கேல். பிளாஸ்டிக் கவரின் மேல் பிரவுன் டேப் மூன்று சுற்று. டேப்புக்குக் கீழே கறுப்பு மார்க்கரில் மலையாளத்தில்: நிஜின் எஸ்., ரூம் 14. படத்தின் அடியில் பிந்துஜா வக்கீல் எழுதியிருந்தாள். "அங்கே கோர்ட்டில் காட்டின பொருள் இது. எழுத்து யாருடையது? கூப்பிடு."

அது அஜிஷாவின் எழுத்து. 'ஜி'யின் வாலை மேலே இழுத்துச் சுழித்துவிடும் பழக்கத்துக்காகப் பள்ளியில் டீச்சரிடம் அடி வாங்கியிருக்கிறாள். அந்தச் சுழி ஸ்கேலின் பக்கத்தில் தெளிவாகக் கிடந்தது.

நிஜின் அவள் புருஷன். நான்கு வருடத்துக்கு முன்பு விடுமுறை முடிந்து வளைகுடாவுக்குத் திரும்பிப் போனவனை விமான நிலையத்திலேயே பிடித்துவைத்தார்கள். பையில் இருந்த ஒரு பொதிக்குள் போதை மாத்திரைகள். இரண்டு கோர்ட்டுகள் மரண தண்டனையை உறுதி செய்துவிட்டன. இனி கருணை மனு ஒன்றுதான். கேஸ் கட்டு முழுவதையும் வரவழைத்து மொழிபெயர்க்கச் செய்தவள், திருவனந்தபுரத்தில் இப்படிப்பட்ட கேஸ்களைச் சம்பளமில்லாமல் பார்க்கும் பிந்துஜா. பழைய வக்கீல் ஒரு தாளைக்கூட இவர்களுக்குக் காட்டியதில்லை.

கல்ஃபுக்குப் போகிறவனின் வீட்டுக்கு, அவன் கிளம்பும் நாளுக்கு முன்னால் பொதிகள் வந்து சேரும். இன்னாருடைய மகனுக்கு ஊறுகாய், இன்னாருடைய மருமகனுக்கு கருவாடு. வேண்டாம் என்று சொல்ல முடியாது. அடுத்த தடவை நம் வீட்டுப் பொதியை அவர்கள்தான் கொண்டு போகவேண்டும். பிரித்துப் பார்ப்பதும் வழக்கமில்லை, அது கொண்டு வந்தவனைத் திருடன் என்பதுபோல. நிஜினோடு முன்பு ஒரே கம்பெனியில் இருந்த பொழியூர் சுதீஷ் கொண்டு வந்தது, மச்சினனுக்கு என்று சொன்ன இரண்டு கிலோ முந்திரிக்கொத்துப் பலகாரம். செய்தித்தாளில் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. கைதுக்குப் பிறகு, தான் ஒன்றுமே கொடுக்கவில்லை என்றான் சுதீஷ். பிறகு அவனும் வேறு எங்கோ போய்விட்டான்.

செய்தித்தாளில் எண்ணெய் ஊறிப் படர்ந்திருந்தது அஜிஷாவுக்கு ஞாபகம் இருக்கிறது. சட்டைகள் கெட்டுவிடும் என்று அதை ஒரு கவருக்குள் போட்டு டேப் ஒட்டியதும் ஞாபகம் இருக்கிறது. கட்டுகிறவள் கை, கசிவதைப் பார்த்தால் சும்மா இருக்காது. நிஜினின் அறையில் எட்டு பேர். பெயரில்லாத பொதி முதல் நாளே காலியாகும் என்பதால் எல்லாவற்றிலும் பெயர் எழுதுவாள். சிப்ஸ் நான்கு, வறுத்து உலர்த்திய இறைச்சி இரண்டு, அச்சப்பம் ஒன்று, எலுமிச்சை ஊறுகாய் ஒன்று. ஒவ்வொன்றிலும் எழுதிய விதம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. சுதீஷின் பொதியில் எழுதியது மட்டும் நிற்கவில்லை. எவ்வளவு யோசித்தாலும் டேப்பைக் கிழிக்கும் சத்தத்தோடு அந்த நாள் முடிந்துவிடுகிறது.

கடைக்குப் பின்னால் போய் நின்று அவள் வக்கீலைக் கூப்பிட்டாள்.

"என் எழுத்துதான்" என்றாள்.

பிந்துஜா தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: "பொதியைத் தானே கட்டினதாவும் பேரைத் தானே எழுதினதாவும் நிஜின் ஸ்டேட்மென்ட் கொடுத்திருக்கான். அரபியில எழுதினதுல கையொப்பு போட்டிருக்கான். மொழிபெயர்த்தவனுக்கு இந்திதான் தெரியும். உன் பேரு எங்கயும் வரல்ல அஜிஷா. வரவிடாம இருந்திருக்கான்."

படத்தைப் பார்த்தவுடன் அவளுக்குள் முதலில் வந்தது துக்கம் அல்ல. அதை அவள் யாரிடமும் சொல்லமாட்டாள். முதலில் வந்தது ஒரு ஆசுவாசம். பெயரை அவனே எழுதினான் என்று பழைய வக்கீல் சொன்ன நாளிலிருந்து, நெஞ்சின் ஒரு மூலையில் ஒரு கேள்வி உட்கார்ந்திருந்தது. இன்னொருவன் பொதியில் இவன் ஏன் தன் பெயரை எழுதவேண்டும்? தெரிந்துதான் கொண்டு போனானோ? நான்கு வருடமும் சபையில் அவனுக்காக ஜெபிக்கும்போது அந்தக் கேள்வியும் அவளோடு முழங்காலில் நின்றது. இப்போது அது எழுந்து போய்விட்டது. அவன் ஒன்றும் தெரியாதவன். எழுதியவள் அவள். ஆசுவாசம் அரை நிமிடம் நீடித்தது. பிறகு மற்றது வந்தது: அவனைச் சிக்கவைத்தது தன் எழுத்துதான் என்பது.

குன்னத்துகாலில் வீட்டுக்கு வந்ததும் மாமனார் சுந்தரதாஸிடம் சொன்னாள். அவர் ரப்பர் மரத்துப் பட்டையை வெட்டிப் பாலெடுக்கிறவர். கையில் ஒட்டிய பாலை உரித்து உரித்து உருண்டையாக்கிக்கொண்டே கேட்டார்.

"அப்பம் இனி என்ன செய்யணுமாம்?"

"நான் எழுதினதுன்னு ஒரு அபிடவிட் குடுக்கணும் மாமா. வியாழனுக்கு முன்ன."

"அவன் சொன்னது ஒண்ணு, நீ எழுதிக் குடுக்கியது ஒண்ணு. அவன் கள்ளம் சொன்னான்னு நாமளே சொல்லியது மாதிரி ஆவாதா?"

"ஆவும். வக்கீலம்மாவும் அதத்தான் சொன்னாவ. ஒண்ணுல கள்ளம் சொன்னவன் எல்லாத்துலயும் சொல்லியிருப்பான்னு அங்க உள்ளவனுவ நினைச்சா, மனு அத்தோட தீந்துதாம். பொதி அவனுது இல்லன்னு நம்பினா தப்பலாமாம். ரெண்டுக்கும் வாய்ப்பு உண்டு."

"நல்ல வக்கீலு. ரெண்டுக்கும் வாய்ப்பு உண்டுன்னு எனக்கும் சொல்லத் தெரியும். நான் பி.எல். படிக்கல்ல, அவ்வளவுதான்." உருண்டையைத் தூர எறிந்தார். "போலீசு இஞ்ச வந்து உன்னையும் கொண்டு போச்சுன்னா? பிள்ளைக்கு யாரு உண்டு?"

"நீங்க உண்டுல்லா."

"எனக்கு எழுபத்தி மூணாக்கும் மக்கா. நான் எத்தன நாளுக்கு உண்டு?" ரப்பர் விலை சொல்வதுபோலச் சொன்னார். "அவன் நாலு வருஷமாட்டு ஒரு சொல்லப் பிடிச்சிட்டு அங்க கெடக்கியான். அதை நீ இஞ்ச இருந்து அவுத்து விடப் போற."

ஏழு வயது மகள் உள்ளே வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய இப்போதைய முகம் நிஜினுக்குப் படங்களில்தான் தெரியும்.

புதன்கிழமை நெய்யாற்றின்கரை கோர்ட்டுக்கு எதிரே இருந்த நோட்டரியின் மாடியறைக்குப் போனாள். சுந்தரதாஸும் கூட வந்தார். வேண்டாம் என்றவர் ஏன் வருகிறார் என்று அவள் கேட்கவில்லை. பிந்துஜா முத்திரைத்தாளை எடுத்து மலையாளத்தில் வாசித்துக் காட்டினாள். நான்காவது பத்தியில், 'மேற்படி பொதியின் மேல் நான் பெயர் எழுதியது எனக்கு நல்ல ஓர்மை உண்டு' என்றிருந்தது.

"அது ஓர்மை இல்ல, ஞாபகத்துல வரல்ல" என்றாள் அஜிஷா. "மத்ததெல்லாம் ஓர்மை உண்டு. அது மட்டும் இல்ல. என் எழுத்துங்கதுனால நான்தான் எழுதியிருப்பேன்."

"எழுதியிருப்பேன்னு போட்டா அவங்க தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கமாட்டாங்க" என்றாள் பிந்துஜா. குரலில் கோபம் இல்லை. "நீ எழுதினது சத்தியம். ஓர்மை இல்லங்கதும் சத்தியம். எது வேணும்னு நீதான் சொல்லணும்."

சுந்தரதாஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அஜிஷா நான்காவது பத்தியை இன்னொரு முறை வாசித்தாள். நிஜின் ஒரு பொய்யால் அவளை வெளியே நிறுத்தினான். இது அவள் சொல்லும் பொய். ஓர்மை உண்டு. பேனாவை வாங்கி மூன்று தாளிலும் கையெழுத்துப் போட்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் அது தொடங்கியது. அடுக்களை மேடை. கவரின் வழவழப்பில் எழுத்து வழுக்காமலிருக்க இடது உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருக்கிறாள். மார்க்கரின் மூடி பல்லுக்கிடையில். பதினான்கை எழுதிவிட்டு ஊதுகிறாள். வீடு வந்து சேர்வதற்குள் முழுவதும் வந்துவிட்டது, மை வாசனையோடு. இத்தனை நாளும் எங்கோ கிடந்ததுதான் மேலே வந்ததா, கையெழுத்துப் போட்டதற்கு ஈடாக மனம் உண்டாக்கிக் கொடுத்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிரித்து அறிய வழியும் இல்லை. ஒரு நாளில் அது மற்ற ஓர்மைகளோடு ஒன்றாக அடுக்கில் போய் உட்கார்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு ரப்பர் தோட்டத்து வழியாக வரும்போது போன் அடித்தது. அயல்நாட்டு எண். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பத்து நிமிடம். முதலில் ஒரு பெண் குரல் அரபியிலும் ஆங்கிலத்திலும் இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று சொல்லும்.

"அஜீ, பிள்ளை போயாச்சா?"

"இப்பம்தான் ஏத்தி விட்டேன்."

"அப்பாக்க முட்டுவலி?"

"உண்டு. சொன்னா கேக்கமாட்டாவ. விடிஞ்சா மரத்துப் பக்கம் போயிருவாவ." நின்று ஒரு மரத்தில் கை வைத்துக்கொண்டாள். "கேட்டியளா, நான் ஒரு அபிடவிட் குடுத்தாச்சு. அந்தப் பொதியில பேரு எழுதினது நானாக்கும்னு."

அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

"இல்ல" என்றான் நிஜின். அவளிடம் பேசும் குரலில் அல்ல, கூடவே கேட்டுக்கொண்டிருக்கும் வேறு யாருக்கோ சொல்வதுபோல, சொல் சொல்லாக. "நான் எழுதினது. உனக்கு ஒண்ணும் அறியாது."

"நான்தான். அடுக்களையில வச்சு."

"அஜீ, வேண்டாம்."

"மார்க்கர் மூடியைப் பல்லுல கடிச்சிட்டு எழுதினேன்."

"ஆமா, பல்லெல்லாம் மை" என்றான் அவன். சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. "அதோட ஏர்போர்ட்டுல வந்து நின்னு சிரிச்ச. சொன்னா உடனே தொடச்சிருவன்னுதான் நான்..."

அழைப்பு பதிவாவது அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல் பேச்சு நின்றது.

அவனுக்குப் பின்னால் ஒரு இரும்புக் கதவு திறந்து மூடியது. யாரோ அந்த நாட்டு மொழியில் எதையோ கேட்டார்கள். போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். மூன்று நிமிடம் நாற்பது வினாடி. நாற்பத்தொன்று. மறுபடியும் காதில் வைத்தாள். காலையில் மாமனார் வெட்டிவிட்டுப் போன மரத்தில் பால் பட்டையின் சரிவில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. அவன் மூச்சு விடுவது கேட்டது. இருவரும் போனை வைக்கவில்லை.