மெழுகுச் சொட்டு வைத்த உறைகள்

சுதந்திரம் வந்த மறுவருஷம் ராயபுரம் கஸ்பாருக்குக் கண் போயிற்று. கப்பலிலிருந்து இறக்கிய சுண்ணாம்பு மூட்டை கிழிந்து முகத்தில் கொட்டிவிட்டது. அப்புறம் அவருக்கு மிஞ்சியது கதைதான், கண்ணுங்களா. பத்திரிகைத் தொடர்கதையை மனைவி ஃப்ளோரா படித்துக் காட்டுவாள்.

அவளோ தண்டையார்பேட்டைக் கிடங்கில் பகலெல்லாம் மிளகாய்க் காம்பு கிள்ளிவிட்டு வருகிறவள். விரல் காந்தும், கண் எரியும். இரண்டு பத்தி தாண்டுவதற்குள் தலை தொங்கிவிடும்.

"ஏய், அப்பால இன்னா ஆச்சு?"

"கொலகாரன் எங்கய்யா ஓடிடப் போறான்? நாளிக்குப் புடிச்சுக்கலாம்."

முதலில் சிடுசிடுத்தார். பிறகு கேட்பதையே விட்டுவிட்டார். பசித்தால் சோறு கேட்கலாம், கதையை எத்தனை தரம் கேட்பது? சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பார். அது ஃப்ளோராவுக்கு மிளகாயைவிட எரிந்தது.

பக்கத்து வீட்டு அலி அக்பர் கப்பல் வேலைக்குப் புறப்பட்டபோது, தன் பழைய குழாய் கிராமபோனையும், ஐந்து இசைத்தட்டுகளில் முழு நாடகம் ஒன்றையும் கொண்டுவந்து வைத்தார்.

"ஆறு மாசம் உங்கிட்டயே கெடக்கட்டும் தோஸ்து."

மறுநாள் கஸ்பார் தனியாகச் சாவி கொடுத்து, தடவித் தடவி முள்ளை வைத்தார். எல்லாத் தட்டுகளும் கைக்கு ஒன்றுபோலவே இருந்தன. ஒரு தட்டில் கதாநாயகிக்கு ஒப்பாரி. அடுத்ததில் அவளுக்கே நலங்கு.

மீன்கூடையோடு வாசலில் நின்ற கெங்கம்மா சிரித்தாள். "இன்னா மாமு, பொணத்துக்கா கண்ணாலம்?"

சாயங்காலம் ஃப்ளோராவிடம் தயங்கிச் சொன்னார். "ஒரே ஒரு வேல கீது. இனிமே எதுவும் கேக்க மாட்டேன்."

"கேளேன்யா. நீ கேக்காம கீறதுதான் பேஜாரு."

கோயில் மெழுகுவர்த்தியின் அடித்துண்டைக் கொளுத்தி, முதல் தட்டின் உறைமேல் ஒரு சொட்டு, இரண்டாவதன்மேல் இரண்டு என்று ஐந்து வரை வைத்தாள். தட்டின் முதல் பக்கம் மெழுகைப் பார்த்து இருக்கும்படி நுழைத்தாள்.

ஒரு வாரம் கழித்து, விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் வந்தபோது மூன்றாம் தட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தப் பொண்ணு செத்துட்டாளா?" என்று சுவரில் சாய்ந்தாள்.

"இன்னும் இல்ல. குந்து, உனக்காவ மொதல்லேர்ந்து வெக்கிறேன்."

உறைகளைத் தடவி ஒற்றைச் சொட்டைக் கண்டுபிடித்தார். பாதித் தட்டு ஓடுமுன் அவள் குறட்டை கேட்டது. கஸ்பார் அவளை எழுப்பவில்லை. தோள்துண்டைச் சுருட்டிக் குழாய்க்குள் திணித்து, காதை அதில் ஒட்டிக்கொண்டு, மேலே கேட்டார்.