இரண்டு பேர் துணி

இதனால் குடும்பத்தார் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், இவ்வீட்டின் சலவை இயந்திரம் எக்காரணத்தை முன்னிட்டும் மாற்றப்படமாட்டாது. இது குறித்து இனி எந்தக் கடிதப் போக்குவரத்தும் ஏற்கப்படமாட்டாது.

குடும்பத்தார் அனைவரும் என்றால் மூன்று பேர்: மனைவி, மகள், மருமகன். மூவரும் கடல் கடந்து ஒரே வீட்டில் இருந்தார்கள். முன்பக்கம் கதவு வைத்த புது மெஷின் வாங்கி அனுப்புவதாக மகள் சொன்னதற்குத்தான் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இத்தனை முழக்கம். மருமகன் பதிலுக்கு ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். மாமனாருக்குச் சுற்றறிக்கையார் என்று பட்டம் சூட்டியவரும் அவர்தான். முப்பத்தோரு வருஷம் கண்காணிப்பாளராக இருந்து, ஓய்வு பெற்றபோது நாற்காலியை மட்டும் அலுவலகத்தில் விட்டு வந்த மனிதருக்கு வேறென்ன பட்டம் பொருந்தும்?

மேலே மூடி, நடுவில் தடித்த தண்டு, முன்னால் இரண்டு திருகு. அவ்வளவுதான் மெஷின். வயது பத்தொன்பது. அதனிடம் ஒரு நல்ல குணம் இருந்தது: ஓடும்போது மூடியைத் திறந்தால் கோபித்துக்கொள்ளாமல் நின்று, காத்திருக்கும். அழுக்குத் தண்ணீர் வெளியேறும் முன் மனைவி மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீடே அதிரக் கேட்பாள்: "வேற ஏதாவது இருக்கா?"

இவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, போட்டிருந்த பனியனைக் கழற்றிக்கொண்டு போவார்.

"இதை முன்னாடியே குடுத்தா கை ஒடிஞ்சிடுமா?"

ஒடியாதுதான். இருந்தாலும் பத்தொன்பது வருஷமும் சனிக்கிழமை தவறாமல் அவர் அந்தப் பனியனைக் கடைசி நிமிஷத்துக்கென்றே வைத்திருந்தார்.

பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதம் என்று போனவள். எட்டாகிவிட்டது. டிக்கெட் இரண்டு முறை தள்ளிப்போனது. இரண்டு முறையும் அவர் குழுவில் "ஆட்சேபணை இல்லை" என்று எழுதினார். ஊரார் விடுப்பு விண்ணப்பத்திலெல்லாம் ஆட்சேபணை கண்டுபிடித்தவருக்கு, "வந்துடேன்" என்று ஒரு வார்த்தை சொல்ல நாக்கு எழவில்லை.

அவள் போன மறுவாரமே மெஷின் ஆட ஆரம்பித்தது. பிழியும் கட்டம் வந்தால் தடதடவென்று அதிர்ந்து, குளியலறைக்குள்ளிருந்து கூடம்வரை நடந்து வந்து, வயர் இழுத்துப் பிடிக்க நிற்கும். மெக்கானிக் வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். இரண்டு சட்டை, ஒரு வேட்டி, பனியன்கள்.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல சார். துணி பத்தல. ஒரே பக்கம் ஒதுங்கிக்குது. ரெண்டு பேர் துணியாவது போடுங்க."

"வீட்டில் ஒருவர்தான் இருக்கிறார்," என்றார் இவர், யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வதுபோல.

"அப்ப கஷ்டம்தான்," என்று மெக்கானிக் பையை மூடினார்.

அந்தச் சனிக்கிழமை அவர் அலமாரியைத் திறந்து, துவைத்து மடித்து வைத்திருந்த மனைவியின் நைட்டிகளில் மூன்றை எடுத்துப் போட்டார். மெஷின் சாதுவாகச் சுற்றியது. அதன் பிறகு வாராவாரம் யாரும் உடுத்தாத நைட்டிகள் அழுக்கில்லாமலே வெளுக்கப்பட்டன. கொடியில் இவர் சட்டைக்குப் பக்கத்தில் தொங்கின. மாலையில் மடிக்கும்போது அவர் அவசரப்படுவதில்லை.

சுற்றறிக்கை போன மறுநாள் மனைவி வீடியோவில் கூப்பிட்டாள். தோளில் குழந்தை. இவர் பால்கனியில் நின்று பேசினார். அதுதான் தப்பு.

"என்னங்க, பின்னாடி கொடியில என்ன?"

"துணி."

"அது தெரியுது. பச்சைப் பூப்போட்டது என் நைட்டி. நான் இங்க வந்து எட்டு மாசமாச்சு. அது எப்படிச் சொட்டச் சொட்டத் தொங்குது? யாரு வந்து போட்டுக்கிறா?"

"சீ, என்ன பேச்சு இது! எடைச் சமநிலைக்காக..." என்று ஆரம்பித்து மெக்கானிக்கின் கூற்று, தொட்டியின் சுழற்சி, மூன்று நைட்டியின் அவசியம் என்று கோப்பு படிப்பதுபோல் படித்தார். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். முகத்தில் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது.

"அப்போ மெஷினுக்காகத்தானா?"

அவர் திரும்பி, காற்றில் மடங்கிய நைட்டியின் ஓரத்தை நீவிவிட்டார்.

"மெஷினுக்காகத்தான்."

"அதுக்கு ஏன் என் நைட்டிய நாசம் பண்றீங்க? சாயமே போயிடுச்சு. ஒரு பெட்ஷீட்டைச் சேத்துப் போடுங்க, போதும்." குழந்தையை மறுதோளுக்கு மாற்றினாள். அடுத்த மாசத்து டிக்கெட்டை மறுபடி தள்ளப் போவதாக மகள் சொல்கிறாள் என்றாள். பிறகு போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

"வேற ஏதாவது இருக்கா?"

கேட்டுவிட்டு, காத்திருந்தாள்.

"ஒண்ணும் இல்லை," என்றார் சுற்றறிக்கையார். "ஆட்சேபணை இல்லை."

அடுத்த சனிக்கிழமை ஒரு பெட்ஷீட்டைச் சேர்த்துப் போட்டார். பிழியும் கட்டம் வந்ததும் பக்கத்திலேயே நின்றார்.

மெஷின் துளியும் ஆடவில்லை.