கூரையில் தங்கிய புத்தகங்கள்

1998 ஆடி மாதத்திலிருந்து டோல்கேட் சௌக்கத் அலியின் பழைய பேப்பர் குடோனில் நல்ல புத்தகங்கள் தரையில் தங்கவில்லை. கட்டைப் பிரித்தால் கைடுகளும் பரீட்சை நோட்டுகளும் ஜோசியப் புத்தகங்களும் போட்ட இடத்தில் கிடக்கும். நடுவில் எங்காவது ஒன்று மட்டும் மெதுவாக எழும்பி, திருவிழா பலூன் மாதிரி மேலே போய், ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் முட்டி நிற்கும். முதல் மாதம் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். அப்புறம் மணலி ஆலை வாடைக்குப் பழகியதுபோல இதற்கும் பழகிவிட்டார்கள். தராசுத் தட்டை மேலே தூக்குகிற சரக்கை சௌக்கத் அலி சரக்கென்றே ஒப்புக்கொள்ளவில்லை. "மேல கீறது மேலயே கெடக்கட்டும்" என்று ஒட்டடை அடிப்பதையும் நிறுத்திவிட்டார்.

செங்கொடி 2001இல் அங்கே காகிதம் தரம் பிரிக்கும் வேலைக்கு வந்தாள். அம்மா சொக்கம்மாள் ஏற்கெனவே அதே குடோனில் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். வியாசர்பாடிக் குடியிருப்பில் வீடு. ப்ளஸ் டூ முடித்த செங்கொடிக்கு வயது பதினெட்டு; படிக்க வேண்டும் என்ற வெறி இருந்தது, எதைப் படிப்பது என்றுதான் தெரியவில்லை. சின்ன வயதில் ஓயாமல் படித்த ராஜகுமாரன் கதைகள் இப்போது ருசிக்கவில்லை. நூலகத்தில் கேட்டால் போட்டித் தேர்வுப் புத்தகத்தை எடுத்து நீட்டினார்கள். தோழிகள் கைமாற்றிய மாத நாவல்கள் கல்யாணத்தோடு முடிந்தன. அவளுடைய சந்தேகங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தன. வேலைக்கு வந்த மூன்றாம் நாள், சாப்பிட்டுவிட்டு அண்ணாந்து படுத்தவள் கூரையைப் பார்த்தாள். பிறகு எழுந்து துறட்டிக் கம்பைத் தேடினாள்.

முதலில் இழுத்தது அட்டை இல்லாத புத்தகம். மறுபடி மேலே போகாமலிருக்க அதைச் சணல் கயிற்றால் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு பதினோரு மதியங்கள் படித்தாள். புருஷனை விட்டு வந்த உப்பளக்காரி ஒருத்தியின் கதை. அவள் ஒரு பக்கத்தில்கூட அதற்காக வருத்தப்படவில்லை. படிக்கப் படிக்கப் புத்தகத்தின் இழுப்பு குறைந்தது. கடைசி வரியில் அது மடியில் தொப்பென்று விழுந்தது. அதற்கப்புறம் எழவே இல்லை.

"பாய், இது எறங்கிச்சு."

சௌக்கத் அலி தராசில் வைத்துப் பார்த்தார். ஒழுங்காக எடை காட்டியது. "நீ எறக்கினது உனக்குத்தாம்மா. எட்துகினு போ" என்றார்.

இரண்டு வருஷத்தில் முப்பது புத்தகங்களை இறக்கினாள். எல்லாமே பிடித்தது என்றில்லை. ஒன்றோடு இருபது நாள் சண்டை போட்டாள், இன்னொன்றை முடித்த அன்றே மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். ஆனாலும் எதையும் பாதியில் விடவில்லை.

2003 வைகாசியில் சௌக்கத் அலி மாடி எழுப்ப முடிவு செய்தார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கூரையைப் பிரிப்பதாக மேஸ்திரி சொல்லிவிட்டான். பிரித்தால் புத்தகங்கள் எங்கே போகும் என்று யாருக்கும் சந்தேகமில்லை. கோணியில் கட்டிப் பார்த்தார்கள், கோணியும் கூடவே போனது. செங்கொடி எண்ணிப் பார்த்தாள். மேலே நாற்பத்தொன்று இருந்தன. கையில் ஒன்பது நாள் இருந்தது.

"ரெண்டு மாசம் தள்ளிப் போடு பாய்."

"மழை வந்துட்டா பேப்பர்லாம் நாறிப்பூடும்மா. நான் இன்னா பண்றது?"

அவள் அதற்குமேல் கெஞ்சவில்லை. துறட்டியால் ஒவ்வொன்றாக இழுத்து, தெருவில் எழுதப் படிக்கத் தெரிந்த அத்தனை பேர் மணிக்கட்டிலும் கட்டினாள். டேங்கர் லாரி ஓட்டும் ராசையா, மணலியில் லோடுக்கு நிற்கும் நேரத்தில் படிப்பதாக வாங்கிப் போனார். நடுவில் அறுபது பக்கத்தைப் படிக்காமல் தாண்டிவிட்டதால் புத்தகம் கேபின் கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. மறுநாள் விட்ட இடத்திலிருந்து படித்து இறக்கினார். மீன் விற்கும் முத்தம்மாவுக்கு எழுத்துத் தெரியாது; அவளும் ஒன்றைக் கேட்டு வாங்கினாள். பக்கத்துக் கடைப் பெண் வாசிக்க, மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள். கேட்டதும் கணக்கில் சேர்ந்தது. ஆனால் புத்தகம் இறங்கியதும் முத்தம்மா குடோனுக்கே வந்துவிட்டாள்.

"அந்தப் பொண்ண எதுக்குடி சாவடிச்சான்? அவ இன்னா தப்பு பண்ணா?"

"தெரிலக்கா. நானும் அத்தத்தான் யோசிச்சுகினு கீறேன்."

"இன்னொண்ணு குடு. இதுல எவளும் சாவக் கூடாது, சொல்ட்டேன்."

வியாழன் மதியம் ஒன்று மட்டும் மிஞ்சியது. இருந்ததிலேயே தடி அதுதான், ஆளையே தூக்கும் இழுப்பு. செங்கொடி புத்தகத்தை மணிக்கட்டிலும் இடுப்பைத் தூணோடும் கட்டிக்கொண்டு படித்தாள். பேச்சு நின்றுபோன அண்ணன் தங்கை கதையை மகள் சொல்லக் கேட்டுக்கொண்டே சொக்கம்மாள் முடிச்சுக்கு மேல் முடிச்சுப் போட்டாள். வெள்ளி காலை, கூரைத் தகடுகள் இறங்கியபோது பாதிகூட முடியவில்லை. தூணை இடிக்க வந்த ஆள், இது யார் கட்டிய கயிறு என்று கேட்காமல் அறுத்துவிட்டான்.

செங்கொடி மேலே போனாள். மின்கம்பத்தைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் போனாள். தரைக்காற்று அவளைக் கிழக்கே தள்ளியது. சொக்கம்மாள் தெருத் தெருவாக ஓடிக் கடற்கரை மணலில் வந்து நின்றாள்.

"கயித்த அவுத்து வுட்டுட்டு குதிடி! கீழ மணலுதான்டி! இன்னும் போனா கடலு!"

செங்கொடி கீழே பார்த்தாள். மணிக்கட்டு முடிச்சில் விரலை வைத்தாள். கதையில் அண்ணனும் தங்கையும் பேச்சை நிறுத்தி ஏழு வருஷம் ஆகியிருந்தது, அண்ணன் இப்போதுதான் தங்கையின் வாசற்படியில் வந்து நின்றிருந்தான்.

"இன்னும் முடியலம்மா!" என்று கத்திவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.

கடலுக்கு மேல் அவள் நூற்றிருபது பக்கம் படித்தாள். விசைப்படகுக்காரர்கள் கீழேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள், விழுந்தால் தூக்கிக்கொள்ள. பன்னிரண்டரை மணிக்குக் கடற்காற்று எழுந்து அவளைத் திருப்பிக்கொண்டு வந்தது. பக்கம் குறையக் குறைய உயரமும் குறைந்தது. நாலு மணிக்கு டோல்கேட் சிக்னலில், ஆள் உயரத்தில், கடைசிப் பத்துப் பக்கத்தோடு நின்றாள். ராசையா லாரி இன்ஜினை அணைத்தார். பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடிக்கவில்லை. கடைசி வரி முடிந்து கால் தரையில் பட்டதும் சொக்கம்மாள் ஓங்கி ஓர் அறை கொடுத்தாள். பிறகு முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்தாள்.

"பேசிகினாங்களா?" என்றாள்.

"யாரு?"

"யாருக்காவ இம்மாந்தூரம் போனியோ அவங்க தான்."

"பேசிகினாங்கம்மா."

அடுத்த மாதம் கான்கிரீட் போட்டார்கள். புதுக் கட்டுகளிலிருந்து எழும்பிய புத்தகங்கள் அதிலும் போய் ஒட்டின. எண்ணூர், காசிமேடு, புளியந்தோப்பிலிருந்து பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அண்ணாந்து பார்த்து நின்றார்கள். சௌக்கத் அலி ஓர் இரும்பு ஏணி வாங்கிப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறவும் என்று எழுதி மாட்டினார்.